காஜா பெராங்கில் குளிர்காலம்

காஜா பெராங், மலாக்கா
12 செப்டம்பர் 1957

அன்புள்ள கமலவேணிக்கு,

நான் நலம். கோழிகளும் நலம். நீ கேமரன் மலைக்குப் புறப்பட்ட மறுநாள் செவலைக் கோழியைக் காணோம். தேடிப் போனால் பக்கத்து வீட்டு அஞ்சலையின் கூடையில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அவரவர் வசதிப்படி இடம் மாறுகிற காலம் போலும். சீதாவுக்கு மாதம் நெருங்குகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் அவளை நடக்க விடாதே. உன் இருமல் எப்படி இருக்கிறது?

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வாரம் ஆகிறது. பாசாரில் மீன் விலை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் சும்மா இல்லை. 'சூரிய சக்தி உற்பத்தி ஊக்கத் திட்டம்' என்று ஒன்று அறிவித்திருக்கிறார்கள். வெயிலைக் குவித்துச் சமைக்கும் அடுப்பு ஒன்றை, மனுச் செய்யும் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். குளிர்கால மாதங்கள் முழுவதும் அதை ஒழுங்காக இயக்கிச் சக்தியை உற்பத்தி செய்கிற வீட்டுக்கு அடுப்பு சொந்தம். தவறுகிற வீட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இதுதான் ஊக்கம்.

மனுப் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகப் பேனா பிடித்துப் பென்ஷன் வாங்குகிறவன் புதிய நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி டிரஸர் சொன்னதை மறக்காதே. இன்னொரு வருஷம் விறகுப் புகையில் உட்கார்ந்தால் உன் நெஞ்சு தாங்காது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை உனக்கு விறகைவிட மோசம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரமோ இரண்டு விளக்குக்கு மேல் தாங்காது. மாப்பிள்ளை வீட்டில் தேயிலைத் தோட்டத்தார் கொடுத்த மின்சார அடுப்பு இருக்கிறது. ஆகவே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கேயே இரு. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
அப்பாசாமி


தானா ராத்தா, கேமரன் மலை
25 செப்டம்பர் 1957

சீதா அப்பா அவர்களுக்குக் கமலவேணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சீதா நடக்கவில்லை, உருளுகிறாள். என் இருமல் முன்போல இல்லை.

அரசாங்கம் அடுப்புக் கொடுக்கட்டும். அதில் சமைப்பது யார்? முப்பது வருஷத்தில் நீங்கள் அடுப்படிக்கு வந்தது இரண்டு தடவை. ஒன்று, தேளடிக்க. இன்னொன்று, தேள் செத்ததா என்று பார்க்க. வெந்நீர் கொதித்துவிட்டதா என்பதை நீங்கள் விரலை விட்டுப் பார்ப்பவர். சூரியனை நம்பி இறங்குவதற்கு முன்னால் உங்களை நம்பலாமா என்று இலாகா விசாரித்ததா?

நாட்டுக்காகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. நாடு சாப்பிட வரும்போது உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று தெரியாமல் விழிக்காதீர்கள். நீல மூடி உப்பு. பச்சை மூடி சோடா மாவு. செவலைக் கோழி ராத்திரி அஞ்சலை வீட்டில் தங்கப் பழகிவிட்டால் திரும்பாது. சாயங்காலமே கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். யாரையும் வேண்டுமட்டும் இருக்கட்டும் என்று விடக்கூடாது.

கமலவேணி


காஜா பெராங்
21 அக்டோபர் 1957

அன்புள்ள கமலவேணிக்கு,

பேரன் பிறந்த தந்தி வந்ததும் தெரு முழுக்கச் சீனி கொடுத்தேன். பச்சை மூடி ஜாடியிலிருந்து அல்ல. தாய்க்கும் பிள்ளைக்கும், பாட்டியாகிவிட்ட உனக்கும் என் ஆசிகள்.

அடுப்பு வந்துவிட்டது. பெரிய அலுமினியக் கிண்ணம். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. நடுவே பானை வைக்க ஒரு வளையம். சூரியன் நகர நகர நாமும் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முற்றத்தில் நிறுத்தி வைத்தேன். அஞ்சலை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க கிராணியய்யா, குடைய தலைகீழா நிறுத்தி வச்சிருக்கீங்க? மழைய புடிச்சு வைக்கவா?"

"இது சூரிய சக்தி, அஞ்சலை. வெயில்ல சோறு வேகும்."

"நம்ம ஊரு வெயில்ல நானே வெந்துகிட்டுதான் இருக்கேன்லா. எனக்கு யாரும் ஊக்கம் குடுக்கல."

அடுப்பைக் கொண்டுவந்தவர் இன்ஸ்பெக்டர் கலியாணசுந்தரம். நல்ல பையன், கழுத்துப் பட்டை மட்டும் இறுக்கம். சர்க்குலரைப் படித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குளிர்கால மாதங்களில் உற்பத்தி செய்தால்தான் ஊக்கம் என்கிறது. அவரிடமே கேட்டேன்.

"மலாக்காவுல குளிர்காலம் எப்போ சார்?"

"நவம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்னு போட்டிருக்கு சார்."

"நவம்பர்ல இங்க மழை கொட்டுமே?"

"அது மழைக்காலம் சார். அது வேற இலாகா."

மேலிடத்தில் யாரோ பனி பெய்யும் நாட்டுக்குப் போய் அங்குள்ள திட்டத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரு காற்புள்ளி விடாமல் கொண்டுவந்துவிட்டார்களாம். அங்கே குளிர்காலத்தில்தான் எரிபொருள் அதிகம் செலவாகுமாம். இங்கே எப்போது என்று கேட்பதற்குள் அச்சாகிவிட்டது. குற்றம் சொல்லவில்லை. நானும் கிராணியாக இருந்தவன்தான். அச்சானபிறகு யார் என்ன செய்ய முடியும்?

நேற்று முதல் முறையாக முட்டை அவித்தேன். வெந்தது. சாப்பிட்டேன். உப்பு நீல மூடிதான்.

அப்பாசாமி


தானா ராத்தா
4 நவம்பர் 1957

சீதா அப்பா அவர்களுக்கு வணக்கம்.

குழந்தை உங்கள் ஜாடை. எதையாவது முறைத்துப் பார்த்துக்கொண்டு, தனக்குச் சம்பந்தம் இல்லை என்பதுபோல் கிடக்கிறான். சீதா தேறிவிட்டாள்.

உங்களுக்குக் குளிர்காலம் தட்டுப்பாடு என்று தெரிகிறது. இங்கே தேவைக்கு மேல் இருக்கிறது. விடிந்தால் ஜன்னலில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமானால் ஒரு மூட்டை கட்டி ரயிலில் போடுகிறேன். இலாகாவுக்குக் காட்டுங்கள்.

மழை நாளில் எங்கே சாப்பிடுகிறீர்கள்? அதை மட்டும் எழுதவில்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை.

கமலவேணி


தானா ராத்தா
20 நவம்பர் 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

சீதாவின் நமஸ்காரம். அவர் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். அம்மா குழந்தையோடு தூங்குகிறார்கள். எழுந்திருப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

அம்மா தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றுதான் உங்களுக்கு எழுதுவார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இங்கே வந்த புதிதில் இருமல் குறைந்தது உண்மைதான். குளிர் ஏறியதிலிருந்து மறுபடியும் பிடித்துக்கொண்டது. ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். தோட்டத்து டாக்டர் வந்து பார்த்தார். இந்தக் குளிர் ஆகாது, உஷ்ணமான ஊருக்குக் கொண்டுபோங்கள் என்றார். மலாக்காவுக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அங்கே விறகடுப்பு என்றதும், அப்படியானால் அதுவும் கூடாது என்றுவிட்டார். எங்கே போகச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

உங்களுக்கு எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேணாண்டி. அந்த மனுசன் கிளம்பி வந்து இந்தக் குளிர்ல ஒரு வேட்டியோட நிப்பாரு" என்றார்கள்.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகள்,
சீதா


காஜா பெராங்
14 டிசம்பர் 1957

அன்புள்ள கமலவேணிக்கு,

பதில் எழுதத் தாமதம். மழை. பேரனுக்கு என் முத்தம். சீதாவுக்குத் தனியாக எழுதவில்லை. அவள் எழுத்து திருத்தமாகிவிட்டது என்று மட்டும் சொல். வேண்டாம், அதுவும் சொல்ல வேண்டாம்.

இத்துடன் ஒரு கம்பளிச் சால்வை பார்சலில் வருகிறது. பெண்டஹாரா சாலையில் வேறு வேலையாகப் போனபோது கண்ணில் பட்டது, வாங்கினேன். நம் ஊரில் இது கிடைப்பது கொஞ்சம் கஷ்டம் போலிருக்கிறது. ஏறிய கடையிலெல்லாம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். கடைசியாக ஜவுளிக்கடைச் சோமசுந்தரம் செட்டியார் பரண்மேலிருந்து எடுத்துத் தந்தார்.

"யாருக்குங்க கிராணி? காச்சலா?"

"இல்ல செட்டியாரே. குளிர்காலம்."

"இங்கயா?" என்றார். பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுத்தார். பைத்தியத்தை விசாரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அடுப்பு விஷயம் சிக்கலாகிவிட்டது. மாதா மாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். நவம்பரில் காலை வெயில் நன்றாக இருந்தது. பிற்பகல் மழைக்கு முன்னால் சோறும் குழம்பும் ஆக்கிவிடலாம். அப்படியே எழுதினேன். அறிக்கையில் 'கருவியின்மேல் விழுந்த பனியை அகற்றிய விவரம்' என்று ஒரு கேள்வி. பனி என்றால் இங்கே காலையில் புல்மேல் இருக்குமே, அது இல்லை. வெளிநாட்டில் வெள்ளையாகக் கொட்டுமே, அது. 'இல்லை' என்று எழுதினேன். அறிக்கை திரும்பி வந்துவிட்டது. குளிர்காலத்தில் பனி அகற்றப்படாத கருவி பராமரிக்கப்படாத கருவியாகும். ஜனவரி பதினான்காம் தேதி இன்ஸ்பெக்டர் நேரில் வரும்போதும் அகற்றப்படாமல் இருந்தால் அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

கலியாணசுந்தரம் தலையைச் சொறிந்தார். "ஒரு தடவை அகற்றினேன்னு எழுதிருங்க சார். யார் பாக்கப் போறா?" என்றார். முப்பது வருஷத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாக நான் எழுதியதில்லை. இப்போது எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் அடுப்புப் போய்விடும். ஒரு பாத்திரத்துக்காக இவ்வளவு கவலையா என்று நீ கேட்பாய். நாட்டு நலன் என்று ஒன்று இருக்கிறது.

கழுத்து வரை போர்த்திக்கொள். சால்வை வாங்கியது வீணாகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாசாமி


தானா ராத்தா
27 டிசம்பர் 1957

சீதா அப்பா அவர்களுக்கு வணக்கம்.

சால்வை வந்தது. கண்ணில் பட்டது என்கிறீர்கள். மலாக்காவில் கம்பளி யார் கண்ணிலும் படாது. தேடினால்தான் உண்டு. சீதாவைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

பனி விஷயத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு? பொய் எழுத வேண்டாம். நடத்திவிட்டு எழுதுங்கள். பாசார் முனையில் ஐஸ் கச்சாங் விற்கிற சீனர் இருக்கிறாரே, ஐஸ்கட்டியை மரப்பலகையில் தேய்த்துப் பொடியாக்கி மலைமாதிரி குவித்துக் கொடுப்பவர். ஒரு வாளி வாங்கி வந்து அடுப்பின்மேல் கொட்டுங்கள். துடைப்பத்தால் தள்ளுங்கள். அகற்றியாகிவிட்டது. அது எங்கிருந்து விழுந்தது என்று அறிக்கை கேட்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கேட்கவில்லை. சிவப்புச் சிரப் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஜனவரி பதினான்கு பொங்கல். உங்கள் இலாகாவுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்தும் எழுதவில்லை. அன்றைக்கு நீங்கள் அந்தக் கிண்ணத்தில் பொங்கல் வைக்கப் போவதாக அஞ்சலை தன் தங்கைக்குச் சொல்லி, அவள் தோட்டத்துக்கு எழுதி, என் காதுக்கு வந்துவிட்டது. சூரியனுக்குப் படைக்கிற பொங்கலை அவரே ஆக்க வேண்டுமா? விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, முதலில் அரிசியைக் களைந்து வையுங்கள் என்று சொல்வதுபோல் இருக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அங்கே விறகு வைக்க ஆள் இல்லை. அவர் பெரிய மனசுக்காரர், மன்னிப்பார். மஞ்சள் கொத்துக் கட்ட மறக்காதீர்கள்.

கமலவேணி


காஜா பெராங்
16 ஜனவரி 1958

அன்புள்ள கமலவேணிக்கு,

உனக்கும் சீதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் பொங்கல் வாழ்த்து. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். முந்தாநாள் முழுக்கக் குனிந்து கிண்ணத்தைத் திருப்பியதில் இடுப்பு உட்கார மறுக்கிறது.

காலையில் ஐஸ்காரரிடம் போனேன். "பேரனுக்கா?" என்று மலாய் பாஷையில் கேட்டார். அரசாங்கத்துக்கு என்றேன். வாளியை விளிம்பு வரை நிரப்பினார். வாளியை இலையால் மூடி ஓட்டமும் நடையுமாக வந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து நின்றதும் கொட்டினேன். கிண்ணம் முழுக்க வெள்ளை. தெருவே கூடிவிட்டது. பிறந்தது முதல் யாரும் பனி பார்த்ததில்லை. எதிர் வீட்டுப் பொன்னுதுரை மட்டும் தள்ளி நின்று, பனி என்றால் இன்னும் மிருதுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனதிலேயே தூரமான ஊர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் சிரம்பான்.

துடைப்பத்தால் தள்ளினேன். கலியாணசுந்தரம் பார்த்தார். "அகற்றப்பட்டது" என்று அவர் கையாலேயே எழுதினார். தேதியும் போட்டார். பெரிய உத்தியோகத்துக்குப் போவார்.

ஆனால் நாம் ஒன்றை யோசிக்கவில்லை. குளிர்ந்த கிண்ணம் மங்கி நின்றது. துடைத்துத் துடைத்துப் பளபளப்பு வருவதற்குள் ஒரு மேகம் வந்து நின்றுகொண்டது. மஞ்சள் கொத்துக் கட்டிய பானையில் பால் அசையவே இல்லை. பொங்காவிட்டால் உற்பத்தி இல்லை என்று எழுதுவதா என்று அவருக்குக் கவலை. எனக்கு வேறு கவலை.

"சாமி, உம்ம வேலய நீரே பாக்கணும்னா கொஞ்சம் வெளிய வாருமய்யா!" என்று அஞ்சலை வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் விலகியது. பானை ஓரத்தில் ஒரு நுரை தெரிந்தது. பிறகு ஒரே மூச்சில் எழும்பி, நாலு பக்கமும் வழிந்தது. முதலில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது யார் தெரியுமா? இன்ஸ்பெக்டர். உடனே பட்டையைச் சரிசெய்துகொண்டு அறிக்கையை எடுத்தார். வழிந்ததைக் கருவியில் ஒழுகல் என்று எழுத வேண்டுமாம். கொஞ்சம் யோசித்து, 'கொள்ளளவுக்கு மேற்பட்ட உற்பத்தி' என்று எழுதிவிட்டு, இரண்டாவது முறையும் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி கடைசி வரை ஓட்டினால் அடுப்பு நமக்கு. 'நமக்கு' என்று எழுதியதும் ஏனோ பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்திருக்கும்.

அப்பாசாமி


தானா ராத்தா
3 பிப்ரவரி 1958

சீதா அப்பா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சீதா சத்தம் போட்டுப் படித்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் என்று நானே எழுதிவிட்டேன், பாருங்கள். சீதா எழுதியது எனக்குத் தெரியும். அவளுக்கு ரகசியம் நிற்காது. அந்த விஷயத்தில் அவள் என் மகள் இல்லை, உங்கள் மகளும் இல்லை.

ஆகவே இனி மறைத்துப் பயன் இல்லை. இந்தக் குளிர் எனக்கு ஒத்துவரவில்லை. வீட்டுக்கு வர வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் வா என்று எழுதவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் நாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி. வெயில் நாளில் சூரியன் சமைப்பார். மழை நாளில்? சாயங்காலம்? மறுபடியும் விறகைத்தான் வைக்க வேண்டும். அதன் முன்னால் நான்தான் உட்கார வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் புகை குடித்தாலும் நெஞ்சுக்கு அது புகைதான். நீங்கள் பட்ட பாடு வீணாகிவிடும். மழை நாளில் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று நான் எப்போதோ கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. யோசித்து எழுதுங்கள். இது சர்க்குலரில் இருக்காது.

கமலவேணி


காஜா பெராங்
8 மார்ச் 1958

அன்புள்ள கமலவேணிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் உடனே தெரிந்துவிட்டது. அதைப் பழகிக்கொள்ளத்தான் நாள் பிடித்தது.

முதலில் அரசாங்கச் செய்தி. குளிர்காலம் பிப்ரவரியோடு முடிந்ததாக அலுவலகம் எழுதியிருக்கிறது. அடுப்பு நமக்குச் சொந்தமாகிவிட்டது. கலியாணசுந்தரம் நேரில் வந்து சொன்னார். இந்த மாநிலத்தில் பனியை அகற்றிய ஒரே வீடு நம் வீடுதானாம்.

இப்போது உன் கேள்வி. மழை நாளில் இத்தனை மாதமும் அஞ்சலை வீட்டுச் சோறுதான். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை. பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டேன். விறகடுப்பைப் பெயர்த்து, கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறேன். புகை புக்கிட் பாரு பக்கமாகப் போகிறது. அங்கிருந்து இதுவரை புகார் வரவில்லை. அஞ்சலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"ஊதுங்க கிராணியய்யா! பைல்ல கையெழுத்து போடுற மாதிரி உக்காந்திருந்தா எப்படிலா பத்தும்?"

முதல் வாரம் சோறு கஞ்சியானது. இரண்டாவது வாரம் கரியானது. இப்போது சோறாகிறது. ரசம் நன்றாக வருகிறது. குழம்பைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். வெயில் நாளில் சாயங்காலச் சாப்பாட்டை நான்கு மணிக்கே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பழகிவிடும். மழை நாளில் விறகடுப்பின் முன்னால் நான் உட்காருவேன். நீ கூடத்தில் உட்கார்ந்து உப்புப் போட்டாயா என்று கத்திக் கேட்டால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு எந்த இலாகாவும் ஊக்கம் தருவதாக அறிவிக்கவில்லை. விசாரித்துவிட்டேன்.

வா.

அப்பாசாமி


தானா ராத்தா
14 மார்ச் 1958

சீதா அப்பா அவர்களுக்கு வணக்கம்.

பேரன் குப்புற விழுகிறான். மற்றதை நேரில் சொல்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைத் தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடுகிறார். தம்பினில் இறங்கி, பஸ் பிடித்து வருவேன். சால்வையைச் சீதாவிடம் விட்டுவிட்டு வருகிறேன். அங்கே எனக்கு அது எதற்கு? அன்றைக்கு மழை பெய்தால் ரசம் வைத்து வையுங்கள். வெயில் அடித்தாலும் ரசமே வையுங்கள். குழம்பு வேண்டாம்.

குளிர்காலம் பிப்ரவரியோடு முடிந்ததாக அலுவலகம் எழுதியிருப்பது தவறு. இருபத்து மூன்றாம் தேதி மாலை, தம்பின் பஸ் வந்து நின்றபிறகுதான் முடிகிறது. சர்க்குலரைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கமலவேணி